பிரிந்து போகிற உரிமையும் உங்கள் பெயரும்

என் அன்பான இஞ்சாருங்கோவுக்கு (கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட எனக்கு இன்னும் வாய் வரவில்லை),

போன ஞாயிற்றுக்கிழமை லா சப்பலில் உங்களுக்காகச் சண்டை நடந்தது. எங்கள் ஆட்களின் மரக்கறிக் கடைகளுக்குப் பின்னால் இருக்கிற மண்டபத்தில், ஒன்றியம் கேட்கிறவர்கள், தனிநாடு கேட்கிறவர்கள் என்று இரண்டு பக்கமும் நீங்கள் தங்கள் ஆள் என்றார்கள். உயிரோடு இருந்தபோது உங்களை ஒரு பக்கமும் தேடி வரவில்லையே. சிரித்திருப்பீர்களா, எழும்பி வெளியே போயிருப்பீர்களா?

யாழ்ப்பாணத்தில் சட்டத்தரணியாக இருந்த காலத்திலேயே நீங்கள் சொன்னது ஒன்றுதான். இலங்கை மாநிலங்களின் ஒன்றியமாக வேண்டும். ஒவ்வொருவருக்கும் தங்கள் மாநிலம், எல்லாருக்கும் பொதுவாக ஓர் அரசியலமைப்பு. அதைச் சொன்னதற்காக ஆமி, இயக்கம் என்று இரண்டு பக்கத்துத் துவக்குக்கும் பயந்து இந்தப் பிரெஞ்சு நாட்டுக்கு ஓடிவந்தோம். இங்கே உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள். லீவு நாட்களில் சாப்பாட்டு மேசையில் இருந்து அந்த அரசியலமைப்புக்கு வரைவு எழுதினீர்கள். அதில் ஒரு பக்கத்தைக்கூடப் படிக்காதவர்கள் உங்களைத் துரோகி என்றார்கள். மீன் கடையில் என்னோடு கதைத்துக்கொண்டு நின்ற பெண்கள் உங்கள் பேச்சு வந்ததும் விலகிப் போவார்கள். வீட்டுக்கு வந்து சொல்லி அழுதால், "மீன் வாங்கினனீரோ?" என்றுதான் கேட்பீர்கள்.

பிரெஞ்சுக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவும் உங்களுக்கு மனம் வரவில்லை. நாங்கள் வேறொரு அரசியலமைப்பின் கீழ் வாழப்போகிறவர்கள் என்றீர்கள். நானும் சரி என்றேன். அதனால் இன்றைக்கும் என்னிடம் இருப்பது அகதிப் பயணப் பத்திரம்தான். உலகத்தில் எங்கேயும் போகலாம், இலங்கைக்கு மட்டும் போக ஏலாது. ஊரில் இருக்கிற என் தம்பி குமரனின் தலை நரைத்ததை நான் கைபேசியில்தான் பார்த்தேன்.

உங்கள் செத்தவீட்டுக்குப் பிறகு யோகன் சார்செலில் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு காலத்தில் உங்களை மேடையில் வைத்துத் துரோகி என்றாரே, அதே யோகன்தான். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, "அண்ணி, அண்ணை சொன்னதுதான் சரி. எங்களுக்கு விளங்கக் காலம் எடுத்துப்போச்சு" என்றார். அவருடைய அமைப்பு உங்கள் வரைவை ஒரு சொல்லும் மாற்றாமல் ஏற்கப் போகிறதாம். முதல் பக்கத்தில் உங்கள் படமும் பெயரும் வருமாம். ஊரிலும் அதே வரைவில் சிலர் கையெழுத்து வைத்துவிட்டார்களாம், அதில் ஒருவன் குமரன். பள்ளிக்கூட அதிபராக இருந்துகொண்டு அவன் அப்படித் துணிந்தது எனக்கே அதிசயமாக இருந்தது. யோகன் போன பிறகு குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று அழுதேன். சந்தோசத்தில்தான்.

அந்தச் சந்தோசம் உங்கள் சிநேகிதன் தேவன் தொலைபேசி எடுக்கும்வரைதான். "அக்கா, அவர் கடைசியிலை சொன்னதை மறந்துபோனியளோ?" என்றார்.

நான் எப்படி மறப்பேன்? ஆஸ்பத்திரியில் அந்தப் பின்னேரம் நீங்கள் கண்ணைத் திறந்தபோது கட்டிலின் இரண்டு பக்கமும் நாங்கள் இருவரும்தானே இருந்தோம். சேர்ந்த மாநிலம் ஒரு காலமும் பிரிந்து போக ஏலாது என்று வரைவில் எழுதியிருந்தீர்கள். அதை எழுதாவிட்டால் சிங்களவர் ஒருவரும் வாசிக்கவே மாட்டார்கள் என்று எத்தனை பேரோடு வாதாடியிருப்பீர்கள். அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு, "மங்களம், அதை நான் பிழையா எழுதிப்போட்டன். போகலாம் எண்டு இருந்தால்தான் மற்றவன் எங்களை மதிச்சு வைச்சிருப்பான். அதை மாத்தவேணும்" என்றீர்கள்.

தேவன் தொடக்கத்திலிருந்தே தனிநாட்டுக்காரர். அவர் சொன்னால் ஒருவரும் நம்பமாட்டார்கள். நான் சொன்னால் நம்புவார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் குமரன் அழைத்தான். தேவன் ஏதோ கிளப்பப் போகிறார் என்று அவனுக்கும் தெரிந்திருந்தது. "அக்கா, அத்தான் பிரிஞ்சு போறதைப் பற்றிச் சொன்னவர் எண்டு அங்கை வாய் திறக்காதேங்கோ. அது இஞ்சை சட்டப்படி குற்றம். அதே வரைவிலை என்ரை கையெழுத்து இருக்கு" என்றான். அவனுக்கு இரண்டு பெண்பிள்ளைகள்.

மண்டபத்தில் தேவன் எழும்பிச் சொல்லத்தான் செய்தார். "அண்ணை கடைசியிலை மனம் மாறினவர், அக்கா சாட்சி" என்றார். பொய் என்று முன்வரிசையில் யாரோ கத்தினார்கள். பிறகு சத்தம் அடங்கி எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் கைபேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தபடி நின்றார். கூட்டம் ஊருக்கும் நேரலையில் போகிறது என்று யோகன் தொடக்கத்திலேயே பெருமையாகச் சொல்லியிருந்தார்.

ஓம் என்றால் குமரனுக்கு ஆபத்து, இத்தனை காலத்துக்குப் பிறகு ஒன்றாய் வந்தவர்களும் அந்த இடத்திலேயே உடைவார்கள். இல்லை என்றால் நீங்கள் கடைசியாகச் சொன்னதைப் பொய்யாக்குவேன். இரண்டும் என்னால் ஏலாது. பக்கத்தில் இருந்த எங்கள் மகள் ஆரணி என் சட்டைக் கையைப் பிடித்தாள். எழும்பினேன்.

"அவரின்ரை பேரையும் படத்தையும் எடுத்துவிடுங்கோ. அதுக்கு மேலை நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவ்வளவுதான் சொன்னேன். வரைவு உங்கள் பெயர் இல்லாமல் முதல் வாசிப்பில் நிறைவேறியது. கடைசி வாசிப்புக்கு இன்னொரு கூட்டம் வைக்கிறார்களாம். யோகன் என் முகத்தைப் பார்க்கவில்லை. தேவனும் சொல்லாமல் போய்விட்டார். சார்செலுக்குத் திரும்பும் ரயிலில் ஆரணி பிரெஞ்சில் கேட்டாள், அப்பா மனம் மாறினார் என்று சொல்வதில் என்ன பயம் என்று. அவள் பிறந்த நாட்டில் அதற்குப் பயம் இல்லைத்தான். அதை அவளுக்கு எந்த மொழியில் விளங்கப்படுத்துவது?

அடுத்த நாள் குமரன் அழைத்து நன்றி சொன்னான். பிறகு குரலைத் தாழ்த்தி, "உண்மையிலை அத்தான் அப்பிடிச் சொன்னவரோ?" என்றான். ஓம் என்றேன். "அப்ப அவரே பிழையெண்டு சொன்னதிலையோ நான் கையெழுத்து வைச்சிருக்கிறன்?" என்றான். நீங்கள் இருந்திருந்தால் அவனுக்கு ஏதாவது சொல்லியிருப்பீர்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு உங்களைக் காப்பாற்றினேனா, மறைத்துவிட்டேனா? சமைக்கும்போதும் அதுதான் ஓடுகிறது. வீட்டை விட்டு வெளியே போகவே மனமில்லை, வீட்டுக்குள் இருக்கவும் முடியவில்லை.

பெயரை எடுத்தாலும் நீங்கள் பிழை என்ற வசனம் வரைவில் அப்படியேதான் இருக்கிறது, அதனால் ஒன்று மட்டும் முடிவெடுத்திருக்கிறேன். கடைசி வாசிப்பு நடக்கும் நாளில் நான் எழும்புவேன். நீங்கள் கட்டிலில் சொன்னதை அப்படியே சொல்வேன். உங்கள் மனுசி என்பதற்காக என்னை நம்பவேண்டாம், நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், என் கருத்தும் அதுதான் என்று சொல்வேன். குமரனிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டேன். வேண்டாம் என்று அவன் சொல்லவில்லை. சரி என்றும் சொல்லவில்லை. ஆனாலும் நான் எழும்புவேன்.

உங்கள் மனுசி,
மங்களம்