கழிப்பறைக் காலண்டர்

மகளே,

டாக்டர் சீட்ஸ்கெ நேற்று வந்தார். "நீங்க கேட்ட மரணத்துக்கு விதிப்படி எல்லாம் முடிஞ்சது. எந்த நாள்னு நீங்கதான் சொல்லணும். வேணாம்னு தோணினா அதையும் சொல்லுங்க" என்றார்.

இந்த ஊர் வழக்கப்படி கழிப்பறைச் சுவரில் மாட்டியிருக்கும், எல்லார் பிறந்தநாளும் எழுதிய காலண்டரைக் கழற்றிவரச் சொன்னேன். யாருடைய கேக்கும் கசக்கக் கூடாதே. மார்ச்சில் உன் அம்மா பெயர், அவள் செத்தும் அழிக்காமல் இருக்கிறது. "உனக்கு என்னய்யா அவசரம்?" என்று அவள் குரல் கேட்டது. இந்த நுரையீரலோடு இன்னொரு ஃப்ரீஸ்லாந்துக் குளிர்காலத்தை மூச்சுத்திணறிக் கடக்க என்னால் ஆகாது.

காலி நாள்கள் நிறைய இருந்தன. எதைத் தொட்டாலும் உனக்குப் புதிதாக ஒரு துக்கநாள் முளைக்கும். அதனால் என் பெயர் உள்ள நாளையே காட்டினேன்.

"மருந்தோட வந்துடறேன்" என்றார்.

அன்று விஷயம் தெரியாத பக்கத்துவீட்டார் வழக்கம்போல வருவார்கள். பிறந்தநாளுக்கு வீட்டாரையும் வாழ்த்துவது இந்த ஊர்ப் பழக்கமாயிற்றே. "அப்பா பிறந்தநாளாச்சே, உனக்கும் வாழ்த்துகள்!" என்று கைநீட்டுவார்கள். கையை இழுத்துக்கொள்ளாதே.

அப்பா