இடது காது

அம்மா,

உன் மூக்கிலும் காதிலும் வைத்தது போக மிச்சமிருந்த பஞ்சு, நீலத் தாளோடு அலமாரியில் கிடக்கிறது. காலையில் துண்டு எடுக்கும்போது கையில் பட்டது. காரியமெல்லாம் முடிந்துவிட்டது, எனக்கு அழுகை இன்னும் வரவில்லை. நான் பாட்டுக்குக் கொஞ்சம் பிய்த்து, இடது காதில் அடைத்துக்கொண்டு குளிக்கப் போனேன்.

தொண்ணூறுகளில், மயிலாப்பூரில் நம் ஒண்டுக்குடித்தனம். வெள்ளிக்கிழமை என்றால் எண்ணெய்க் குளியல். தலைக்குத் தேய்த்ததும் இளஞ்சூட்டில் காதுக்கு இரண்டு சொட்டு. "ஆடாம உக்காருடி, சூடு எறங்கும்" என்பாய். காதில் சீழ் வர ஆரம்பித்ததும் எண்ணெயில் பூண்டு தட்டிப் போட்டுக் காய்ச்சினாய். கூப்பிட்டு நான் திரும்பாவிட்டால், "இன்னாடி, தொண்ட கிழிய கத்திக்கினு கீறேன், செவிட்டுக் கழுத!" என்று முதுகில் ஒன்று வைப்பாய். தெருவுக்கே கேட்கும், எனக்குத்தான் பாதி கேட்காது.

பள்ளிக்கூடத்தில் சொல்லியனுப்பிய பிறகுதான் ஆழ்வார்பேட்டை டாக்டரிடம் போனோம். செவிப்பறையில் ஓட்டை, உள்ளே குட்டி எலும்பும் அரித்துப்போயிருக்கிறது என்றார்.

"எண்ணெ ஊத்துனீங்களாம்மா?"

"எல்லாரும் ஊத்தறதுதானே சார்."

"ஓட்டை சளியால வந்தது. அது காயணும். நீங்க காயவே விடல."

பஸ் ஸ்டாப் வரை நீ என் கையை விடவில்லை.

காதுக்குப் பின்னால் கீறி, அங்கிருந்தே சவ்வெடுத்து ஓட்டையை அடைத்தார்கள். கொஞ்ச நாள் நன்றாகக் கேட்டது. குக்கர் விசிலுக்கு நான் துள்ளிக் குதித்ததைப் பார்த்து நீ சிரித்தாயே, அப்படி நீ சிரித்து நான் பார்த்ததில்லை. மழைக்காலத்தில் சளி பிடித்து மறுபடி சீழ் வந்தது. சவ்வு நிற்கவில்லை. இடது காது போனது போனதுதான்.

அதன் பிறகு செவிடு என்ற சொல்லை நீ எடுக்கவேயில்லை, குழாயடிச் சண்டையில்கூட. தீபாவளிக்கு என் உச்சியில் ஒரு பொட்டு எண்ணெய் வைத்து, வாசலின் தடவிய பஞ்சைக் காதில் நீயே அடைப்பாய். அந்த டாக்டரைப் பார்த்த நாளிலிருந்து உனக்கு அந்தப் பொட்டு எண்ணெயும் கிடையாது. "எனக்கு இன்னாத்துக்கு, போடி" என்பாய். "நடந்தது நடந்துபோச்சு, வுட்டுடும்மா" என்று எத்தனையோ முறை சொன்னேன். நீ விடவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் கட்டிலைச் சுவரோரமாகப் போட்டிருந்தார்கள். எங்கே உட்கார்ந்தாலும் என் வலப்பக்கம் வந்துவிடுகிறவள் நீ. அன்றைக்கு உன்னால் புரளக்கூட முடியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்தாய், நான் அவசரத்தில் அப்படியே குனிந்துவிட்டேன். உன் உதடு என் இடது காதில் பட்டது. நான் முகத்தைத் திருப்பி மற்ற காதைக் கொடுப்பதற்குள் நீ சொல்லி முடித்திருந்தாய்.

"இன்னாம்மா? இன்னொரு வாட்டி சொல்லும்மா."

நீ கண்ணை மூடிக்கொண்டாய், எல்லாம் சொல்லியாகிவிட்ட மாதிரி.

அம்மா கடைசியாக என்ன சொன்னார்கள் என்று வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். என் காதில்தான் சொன்னாள் என்கிறேன். உன் மூச்சின் சூடு இன்னும் அங்கேயே இருக்கிறது, அம்மா. சொன்னதுதான் தெரியவில்லை.