கடை வாசல் பொம்மை

அம்மாடி,

தங்கச்சி கல்யாணத்துக்கு வரமாட்டேன் என்று சொன்னாயாமே. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு எந்த ஜாக்கெட்டும் உனக்குச் சரியாக உட்காரவில்லை என்று அம்மா சொன்னாள். தாம்பரத்தில் பாதிப் பேருக்குக் கல்யாண ஜாக்கெட் தைத்தவன், சொந்த மகளிடம் அளவு கேட்கக் கூச்சப்பட்டேன். எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்த மூளை, அவ்வளவுதான் வேலை செய்யும்.

அதனால் கடையிலிருக்கும் ஸ்பாஞ்ச் பொம்மையின் மார்பில் இடது பக்கத்தைச் சீவி எடுத்தேன். மற்றதெல்லாம் உன் பழைய அளவு. அதன்மேல் போட்டுப் போட்டுப் பார்த்து, உள்ளே பஞ்சு வைத்து, உன் பட்டு ஜாக்கெட்டைத் தைத்தேன். சீவிய பொம்மையைப் பார்த்த பக்கத்துக் கடை ஜஹீரா அக்கா, "இன்னாண்ணா, பொம்மைக்கு இன்னா ஆச்சு?" என்றார்.

"ஆபரேஷன்க்கா. இப்ப சூப்பரா கீது" என்றேன்.

ஜாக்கெட்டை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தைத்தது நான், குறை இருக்காது. மாடம்பாக்கம் மண்டபத்தில் தங்கச்சி பக்கத்தில் நீதான் நிற்கிறாய்.

அனுப்பும் முன், பொம்மைக்குப் புடவையோடு போட்டு வாசலில் நிறுத்தினேன். இரண்டு கல்யாணப் பெண்கள் அதே மாதிரி வேண்டும் என்று வந்து நின்றார்கள். முதலில் என் பெரிய மகள் போடட்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

உன் டெய்லர் அப்பா