காய்ச்சினாலும் போகாதது

அன்புள்ள மருமகள் துஷாந்தினிக்கு,

வெலிமடை மலைகளுக்கெல்லாம் அதிபதியும் லீக்ஸ் சக்கரவர்த்தியுமாகிய உன் தாய்மாமன் தம்பையா எழுதுவது. நாங்கள் நலம். கொழும்பில் நீயும் வயிற்றுப் பிள்ளையும் நலமா? யாருமே நம்பாத ஒரு கதையைச் சொல்வதாகச் சத்தியம் செய்து தொடங்குகிறேன். போனில் சொல்லியிருப்பேன், உன் அம்மா ஸ்பீக்கரில் போடுவாள், லயத்து வரிசை வீடெல்லாம் காது கொடுக்கும்.

இந்தப் போகம் என் லீக்ஸ் ஒவ்வொன்றும் சவுக்கு மர உயரம். ஒன்றைப் பிடுங்கியதில் பூமி அதிர்ந்து பதுளையில் பஸ் நின்றுவிட்டதாம். கரட்டைக் கடித்தால் கோயில் மணிச் சத்தம். அவ்வளவு உலோகம்! மரக்கறி ஏற்றிய மர்ஸூக் முதலாளியின் லொறியை அப்புத்தளை ஏற்றத்தில் ஒரு காந்தத்தைக் காட்டியே இழுத்தேன்.

கெம்பஸில் படிக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகள் வந்து மண்ணையும் மரக்கறியையும் அள்ளி, மலையிலிருந்து குழாய் வழியே ஊற்றி நாம் குடிக்கும் பீலித் தண்ணியையும் போத்தலில் பிடித்துப் போனார்கள். போன வாரம் திரும்பி வந்து, தண்ணியில் காட்மியம் என்ற நச்சு உலோகம் அளவுக்கு மேல் இருக்கிறது, உரத்திலிருந்து இறங்கியிருக்கலாம், சிறுநீரகத்தைக் கெடுக்கும், பிள்ளைத்தாச்சிகள் குடிக்கவே கூடாது என்றார்கள்.

லயத்தில் எல்லோரும் வாயைப் பூட்டிக்கொண்டோம். வெளியே தெரிந்தால் லொறி வராது. உரத்தை நிறுத்தினால் லீக்ஸ் ஈர்க்குச்சிதான். பீலிக்கு நேர் மேலே இருப்பது என் பாத்தி. அந்தப் பீலியை விட்டால் குடிக்க வேறு தண்ணியும் இல்லை. சக்கரவர்த்தி எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

உன் அம்மாவிடம் சொன்னேன். "நாமெல்லாம் இதக் குடிச்சுத்தானே வளந்தோம் அண்ணே? கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சிக் குடுக்குறேன். தலைப்பிரசவத்துக்கு எம்புள்ள வேற எங்க போவா?" என்று சீறினாள். காய்ச்சினால் கிருமிதான் சாகும், இது போகாது என்றேன். "நீங்க என்னைக்கு உண்மை பேசியிருக்கீங்க, இன்னைக்கு நம்புறதுக்கு?" என்றாள். உனக்கென்று தண்ணி காய்ச்சப் புதுக் கேத்தல் வாங்கி வைத்திருக்கிறாள். உடனே உன்னை வரச் சொல்லி எழுதும்படி இந்தத் தாளைத் தந்தவளும் அவள்தான்.

ஆகவே மருமகளே, பயணம் கூடாதென்று டாக்டர் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் ஒரு பொய் சொல். அவளை அங்கே அழைத்துக்கொள். பிரசவம் முடிந்த பிறகும் சாக்குச் சொல்லி அங்கேயே வைத்துக்கொள். நீ சொன்னால் அவள் நம்புவாள்.

மகராசியாகப் பெற்றெடு, தாயே.

மரமும் மணியும் காந்தமும் என் புளுகு. தண்ணி மட்டும் நிஜம். வராதே.

உன் பிள்ளையை அங்கே வந்து பார்க்கப்போகும்,
மாமன் தம்பையா