உன் வண்டி இப்போது சூடாவதில்லை

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே உன் மனைவியும் நானும் நலம். உன் இருமல் விட்டதா? எனக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, போனில் கேட்கும் அளவுக்குக் குரல் எழவில்லை. அதனால்தான் பேனாவை எடுத்தேன். பயப்படாதே, காய்ச்சல் இல்லை. காரணம் கீழே வருகிறது.

முதலில் உனக்குப் பிடிக்காத செய்தி. உன் ஏடிவியை, அந்த நாலு சக்கர மேட்டு வண்டியை, விலை பேச நீ அனுப்பிய ஆள் வந்தார். நான்கு சக்கரங்களையும் உதைத்துப் பார்த்துவிட்டு, மேடு ஏறினால் என்ஜின் கொதிக்கிறதாமே என்று அடிமாட்டு விலைக்குக் கேட்டார். விற்பதாக இல்லை என்று நான்தான் சொல்லி அனுப்பினேன். உன் மனைவிக்கு இதில் பங்கில்லை. கோபப்படுவதானால் என்மேல் படு. ஆனால் முழுவதும் படித்துவிட்டுப் படு.

போன வாரம் மழை விட்ட மறுநாள் காலை, மேட்டுக் குடியிருப்பில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது என்று ஆஸ்பத்திரிக்கு ஆள் வந்தது. ஆம்புலன்ஸ் குவாரியோடு நின்றுவிடும் என்பது உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் நடந்தே ஏறிய இந்த நர்ஸ் அம்மாவின் முழங்கால்கள் இப்போது பேச்சைக் கேட்பதில்லை. உன் மனைவிக்குப் போன் செய்தேன். கொடியில் காயப்போட்ட துணியை அப்படியே விட்டுவிட்டு வண்டியோடு வந்து நின்றாள். "ஏறுங்க அத்தை" என்றாள். ஏறினேன்.

குவாரியைத் தாண்டியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. முன்பக்கத்திலிருந்து ஆவி வந்தது. உடனே ஓரம் கட்டி என்ஜினை நிறுத்தினாள். குவாரி ஆட்கள் கூடிவிட்டார்கள், ஆளுக்கொரு யோசனை. ஒருவர் "மூடியத் திறந்து தண்ணிய ஊத்தும்மா" என்று கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "சூட்டோட திறந்தா கொதிதண்ணி மூஞ்சியில அடிக்கும்ணே. ஆறட்டும்" என்றாள்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான் நடந்தே போகிறேன் என்று பையைத் தூக்கினேன். "மூச்சிரைச்சுப் போய் விழுந்தா அந்தப் பொண்ணுக்கு யாரு பிரசவம் பாக்குறது? உக்காருங்க" என்றாள். என்னை அதட்ட ஊரில் ஆள் இருக்கிறது என்று அன்றுதான் தெரிந்தது. உட்கார்ந்தேன்.

வண்டி ஆறும் நேரத்தில் அவள் சும்மா இருக்கவில்லை. முன்னால் நீ கட்டிவைத்திருந்த பெரிய பெட்டியை அவிழ்த்தாள். காற்று வரும் வழியையே அது அடைத்துக்கொண்டிருந்ததாம். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே சேறு அப்பி இறுகிப்போயிருந்தது. அதன் பின்னால் இருக்கும் விசிறியும் களிமண்ணில் சிக்கி, சுற்ற முடியாமல் முக்கி முக்கி, அதன் ஃபியூஸ் எரிந்துபோயிருந்தது. தொட்டுப் பார்க்கும் அளவுக்கு ஆறியதும், நான் கை கழுவக் கொண்டுபோன கேனிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி மண்ணைக் கரைத்தாள். விசிறியை விரலால் சுற்றிப் பார்த்தாள். துணியைப் போட்டு மூடியைத் திறந்து, குறைந்த தண்ணீரை நிரப்பினாள்.

மாற்று ஃபியூஸ் இல்லை. அதே அளவில் ஹாரனுக்கு ஒன்று இருந்தது. அதைப் பிடுங்கி விசிறிக்குப் போட்டாள். வளைவில் எதிரே பைக்கோ டிராக்டரோ வந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "நீங்க இருக்கீங்களே அத்தை" என்றாள். குவாரியே சிரித்தது. நானும்தான். அப்புறம் வளைவுக்கு வளைவு "வண்டி வருது, வண்டி வருது" என்று கத்திக்கொண்டே போனேன். என் தொண்டை போன கதை இதுதான்.

மேலே போனபோது குழந்தையின் தலை தெரிந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. இன்னும் சற்றுத் தாமதித்திருந்தால் என்பதை நான் எழுதப்போவதில்லை. பெண் குழந்தை. அதன் அழுகை வாசலுக்குக் கேட்டதும், வண்டியின் பக்கத்தில் நின்றிருந்த உன் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

மறுநாள் வெறும் தண்ணீரை வடித்துவிட்டு, என்ஜினைக் குளிர்விக்கவென்றே விற்கும் கூலண்ட் ஊற்றினாள். பட்டறைக்காரர் சுற்றிவந்து பார்த்துவிட்டு, எனக்கு எந்த வேலையும் மிச்சம் வைக்கலையே என்றார். இப்போது சேற்றில் போய்வந்தால் அன்றைக்கே ரேடியேட்டரைக் கழுவிவிடுகிறாள், அதுவும் மெதுவாக. வேகமாகப் பீய்ச்சினால் தகடு மடங்கிவிடுமாம். காலையில் என்ஜின் சூடாகும் முன்பே கூலண்ட் அளவைப் பார்க்கிறாள். பெட்டி பின்பக்கம் போய்விட்டது. நேற்று தடுப்பூசி போட இரண்டு முறை மேடு ஏறினோம், அந்தச் சிவப்பு விளக்கு கண்ணே திறக்கவில்லை. ஆஸ்பத்திரியில் அவளை எங்கள் டிரைவர் என்கிறார்கள். மாமியார் மெச்சிய மருமகள் உண்டா என்று கேட்பார்களே, உண்டு என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

என்ஜின் ஏன் கொதிக்கிறது என்று அவள் முதலில் உன்னிடம்தான் கேட்டிருக்கிறாள். "உனக்கெதுக்கு அது, வித்துத் தொலை" என்றாய். அவள் என்னிடம் சொல்லவில்லை. போன் ஸ்பீக்கரில் இருந்தது, சுவர் மெல்லியது, மகனே.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன் அடித்தால் கிரீஸ் கையோடு ஓடிவருகிறாள். நீ என்னிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறாய். அத்தைக்குத்தான் போன் என்று சிரித்துக்கொண்டே திரும்பிப் போகிறாள். அடுத்த முறை அவள் எண்ணுக்குக் கூப்பிடு. என்னிடம் பேசாவிட்டாலும் பரவாயில்லை, எனக்கு வருத்தமே இருக்காது.

நீங்கள் இருவரும் ஒருவருக்கொருவர் துணையாக நூறாண்டு நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா, அவளுக்கும் அம்மா