கடலுக்கு முகம் வைத்த குழாய்

இன்று காலை, உரிய ஆலோசனைக்குப் பிறகு, கடல் பக்கத்துச் சன்னலைச் சாத்துவதில்லை என்று தீர்மானித்தேன். தீர்மானம் வீட்டில் முறைப்படி அறிவிக்கப்பட்டது. என் மனைவி வந்து சன்னலைச் சாத்தினாள். நான் திறந்தேன். கரையில் யாரோ வள்ளத்துக்குப் பூசக் குங்கிலியமும் மீனெண்ணெயும் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். நாற்றம் என்றாள். மறுக்கவில்லை. ஆனால் நண்பா, அது உன் தோள்துண்டின் மணம். நீ போய்ச் சேர்ந்து மூன்று மழைக்காலம் ஆகிவிட்டது. தானாக வீடு தேடி வந்ததைத் திருப்பி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

குளச்சலில் பலகைகளைக் கயிற்றால் இணைத்து வள்ளம் தைத்துக்கொண்டிருந்த உனக்கும் ரேடியோவுக்கும் என்ன தொடர்பு என்று அன்று பலர் கேட்டார்கள். வாசகசாலையின் காரியதரிசியான நானே கேட்டேன். ஊரார் சேர்ந்து வாசகசாலைக்கு வாங்கிய அந்த ரேடியோப் பெட்டியில் ஒலியைப் பெருக்கும் வால்வு இரண்டே. அதோடு வந்த காகிதக் கூம்பு ஒலிபெருக்கி கொழும்பு நிலையத்தின் பாட்டை, மேசையைச் சுற்றி நின்ற நாலு பேருக்கு மட்டும், இரகசியம் போலச் சொல்லியது. வாசகசாலைத் தலைவரான கயிற்று முதலாளி ஒரு மாலை வந்து காதை வைத்துக் கேட்டார்.

“ஊருக்குக் கேக்காத சாதனம் ஊருக்கு எதுக்கு? ஞாயித்துக்கெழமை வந்து பாப்பேன். முத்தத்துல நிக்கவனுக்குக் கேக்கல்லேண்ணா பெட்டி எனக்க வீட்டுக்கு வரட்டு” என்றார். அவர் வீட்டு நடு அறையில் அதற்கு ஒரு மேசை ஏற்கெனவே துடைத்து வைக்கப்பட்டிருந்தது என்று பிறகு தெரிந்தது.

திருவனந்தபுரத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர், ஐந்து வால்வு வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வால்வுக்கே பேட்டரியை மாட்டுவண்டியில் நாகர்கோவிலுக்கு அனுப்பி உயிரேற்றிக் கொண்டுவந்தோம். ஐந்து வால்வு என்றால் பேட்டரி வண்டியிலேயே குடியிருக்க வேண்டியதுதான்.

நீ வந்து பார்த்தாய். வெற்றிலையை ஓரம் ஒதுக்கினாய்.

“எலே மக்கா, கிராமபோன்ல ஏது பேட்டரி? ஒரு ஊசி. அது கெடந்து சொரண்டுகது வீடெல்லாம் கேக்கு. எதுனால?”

“குழாய் இருக்கிறதால” என்றேன்.

“பொறவு என்ன? சின்னத் துடுப்ப வெச்சு நடுக்கடல்ல தண்ணியத் தள்ளிப் பாரு. ரெண்டு பக்கமும் வெலகிப் போவும். அதையே ஒரு வாய்க்காலுக்குள்ள வெச்சுத் தள்ளு. தண்ணிக்கு வேற போக்கிடம் உண்டா? பெட்டிக்குப் பெலம் கொறைவில்லடே. அதுக்கு வாய்க்கால் இல்ல.”

பெட்டிக்கு வேண்டியது பலமல்ல, வாய்க்கால்தான் என்பதை நான் பின்னாளில் ஒரு நூலில் இருபது பக்கத்தில் படித்தேன். துடுப்பு அதில் இல்லை.

ஐந்து நாள் வேலை. அயினி மரப் பலகையை மெல்லியதாக இழைத்து, தீயில் வாட்டி வளைத்து, கயிற்றால் தைத்தாய். ஆறு முழ நீளக் குழாய், ஒரு முனை குறுகி, மறுமுனை வாயாக விரிந்தது. காதில் வைத்துக் கேட்கும் கருவி ஒன்றைக் குறுகிய முனையில் பொருத்தி, காற்றுப் போகும் இடைவெளியையெல்லாம் தேங்காய் நாரும் குங்கிலியமும் அடைத்து மூடினாய். மீனெண்ணெய் பூசக்கூடாது என்று வாசகசாலைக் குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. தீர்மானத்தை உன்னிடம் வாசித்துக் காட்டியபோது இரண்டாம் பூச்சு காய்ந்துகொண்டிருந்தது.

ஞாயிறு மாலை எட்டுப் பேர் அதைத் தோளில் தூக்கி, வள்ளம் இறக்கும்போது போடும் கூவலைப் போட்டுக்கொண்டே வந்தார்கள். வாசகசாலை முற்றத்து மணலில் வைத்தார்கள். வாய் கடலைப் பார்த்து இருந்தது. நாற்காலிகளோ பின்னால், வாசகசாலை நிழலில்.

“திருப்பி வைங்கடே” என்று கத்தினேன்.

எட்டுப் பேரும் உன்னைப் பார்த்தார்கள். “மொகத்தக் கரைக்கு வெச்சு எவனாவது வள்ளம் எறக்குவானா?” என்றாய்.

“இது வள்ளம் இல்லவே!”

“தச்சது நானா, நீயா?”

அதற்குள் முதலாளி வந்து உட்கார்ந்துவிட்டார். கொழும்பில் யாரோ வயலின் வாசிக்கத் தொடங்கினார்கள். குழாயின் முதுகுப்பக்கத்தில் அது கொசுவின் அளவுக்கு வந்தது. முதலாளி ஒரு காதைக் கொடுத்தார். பிறகு மற்றொன்றையும் கொடுத்தார். பெட்டி கைவிட்டுப் போகிறது என்று நான் மனத்துக்குள் அதற்கு விடை கொடுத்துக்கொண்டிருந்தேன்.

“எனக்கு ஒரு மண்ணும் கேக்கல்ல ஓய்” என்று எழுந்தார். “மீன்நாத்தம் வேற. இந்தச் சவத்த எனக்க வீட்டுக்குக் கொண்டு வராண்டாம். இஞ்சயே கெடக்கட்டு.”

குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார். மழையும் இல்லை, வெயிலும் இல்லை.

நான் குழாயைச் சுற்றி முன்பக்கம் போனேன். அங்கே வயலின் என் மார்பில் வந்து மோதியது. இரண்டு வால்வு! நான் சிரித்தேன், எதற்கென்று தெரியாமல் எட்டுப் பேரும் சிரித்தார்கள். “வேணும்ணே செஞ்சியா?” என்று உன்னைக் கேட்டேன். “வள்ளத்துக்கு மொகம் கடலுதான்” என்று சொல்லி, மணலில் உட்கார்ந்து தாளம் போட்டாய். தாளம் தப்பாகத்தான் இருந்தது.

யாராவது பேசுவது கேட்கவில்லை என்றால், அவர் குரலைக் குறை சொல்லுமுன் நான் எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறேன் என்று இப்போதும் பார்த்துக்கொள்கிறேன். உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இவ்வளவுதான். பல சபைகளில் உதவியிருக்கிறது.

அன்று இரவு மீன்பிடிக்கப் புறப்பட்டுக் கூப்பிடு தூரம் போயிருந்த வள்ளங்கள் முதலில் நின்றன. பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆட்கள் ஈரக் காலோடு வந்து குழாயின் முன்னால் வரிசையாக உட்கார்ந்தார்கள். “இன்னும் ஒண்ணு பாடச் சொல்லும் ஓய்” என்று பெட்டியைப் பார்த்துக் கேட்டார்கள். கொழும்பு நிலையம் ஓயும்வரை ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள் குளச்சல் சந்தையில் மீன் இல்லை.