தண்ணீர் குடிக்காத இரண்டாம் நாள்

9-8-2003, சனி

நாளை செங்கல்பட்டில் ஜூனியர் ஆணழகன் போட்டி. மாமல்லபுரத்திலிருந்து நான் மட்டும்தான். நேற்றுக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. "மேடை ஏர்ற வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. அப்பதான் தோலு ஒட்டிகினு கட்டு கட்டா தெரியும்" என்று ஜிம் மாஸ்டர் சொல்லியிருக்கிறார்.

சாயங்காலம் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்தது. வழக்கம்போல் இரண்டு குடங்களைத் தூக்கினேன். வாசல் வரை வந்ததும் தொடை இழுத்துப் பிடித்தது. விரல்கள் தாமாக விட்டுவிட்டன. இரண்டு குடமும் உருண்டன.

"இன்னாடா, இம்மாம் பெரிய கைய வச்சிகினு ஒரு கொடம் தூக்க முடியல?" என்று எதிர்வீட்டு அக்கா சிரித்தார்.

அதற்குள் லாரி போய்விட்டது. கொட்டிய தண்ணீரையே அம்மா பார்த்தாள். நானும் பார்த்தேன். குனிந்து நக்கலாம் போலிருந்தது. எட்டாவது படிக்கும் தங்கச்சி குடத்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் குழாய்க்கு நடந்தாள். வெட்கப்பட வேண்டும் என்று தெரிந்தது. வெட்கம் வரவில்லை.

ஏழு மணிக்கு மாஸ்டர் வந்து சட்டையைக் கழற்றச் சொன்னார். "சூப்பர்டா, நரம்பெல்லாம் தெரியிது" என்றார். குடம் விழுந்ததை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

தங்கச்சி கொண்டுவந்த தண்ணீரில் ஒரு சொம்பை அம்மா என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். தட்டு போட்டு மூடவில்லை.